கரைந்துபோன குழாயும் கரையாத நானும்

1

கையில் வெட்டுப்பட்டு இன்றோடு ஒரு வருடம். என் பிறந்தநாளையோ கல்யாண நாளையோ ஒருநாளும் நினைவு வைத்துக்கொள்ளாத வீட்டுக்காரர், இதை மட்டும் நினைவு வைத்திருந்தார். காலையில் காபி டம்ளரை நீட்டியபடி, "இன்னியோட ஒரு வருசம் ஆவுதுல்ல?" என்றார். டம்ளரை வெட்டுப்பட்ட இடது கையில் வாங்கினேன். சுட்டது. காபி சுடுகிறது என்று சந்தோஷப்பட்டவள் இந்த பெங்களூர் பொம்மனஹள்ளியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நம் ஊர் இதழில் மூன்று மாதமாக ஒரு அறிவிப்பு வருகிறது. குடியாத்தத்தை விட்டுப் போய் வெளியில் வாழ்கிறவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள் என்று. துபாய்க்காரர் எழுதினார், சிங்கப்பூர்க்காரர் எழுதினார். நானும் எழுதப்போகிறேன் என்றதும் வீட்டுக்காரர் சிரித்தார். "காலைல ரயில் ஏறினா மத்தியானம் சோத்துக்கு ஊர்ல கீறோம். நீ இன்னாத்த எழுதப் போற?"

உண்மைதான். நான் விமானம் ஏறவில்லை, கடல் தாண்டவில்லை. ஆனால் நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்கள் எல்லாம் நான் படிக்க முடியாத எழுத்தில் இருக்கின்றன. அவற்றை எனக்குப் படித்துச் சொல்லும் மகளுக்கு, நான் எழுதுகிற எழுத்தைப் படிக்க வராது. இதை நான் எழுதி முடித்ததும் அவள் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல என்னைப் பத்தி என்ன எழுதிருக்க?" என்றுதான் கேட்பாள். இதற்கு மேல் ஒரு கடல் எதற்கு? ஆகையால் எழுதுகிறேன். என் பெயர் ரேணுகா. இங்கே எல்லோருக்கும் ரேணுகம்மா.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் ஏன் இவ்வளவு அடம் பிடித்தேன் என்பது புரியாது.

ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு கார்மெண்ட்ஸில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். சட்டை தைக்கிற கம்பெனி. தையல் மெஷின் வரிசை முழுக்கப் பெண்கள், கட்டிங் டேபிள் முழுக்க ஆண்கள். துணியை ஐம்பது அறுபது மடிப்பாக அடுக்கி விரித்து, மேலே அளவுக் காகிதத்தை ஒட்டி, செங்குத்தாக நின்று மேலும் கீழும் ஓடுகிற கத்தி மெஷினை வலது கையால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். இடது கை துணியை அமுக்கிப் பிடிக்கும். அந்தக் கைக்கு இரும்பு வளையங்கள் கோத்த கையுறை உண்டு. ஒரு நூல் நகர்ந்தால் அறுபது சட்டையும் வீண். அதனால் இது ஆண்பிள்ளை வேலை என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். துணிக்கு அது தெரியாது.

ஊரிலும் இதே கதைதான். பத்தாவது முடித்துவிட்டு லுங்கிக் கிடங்குக்கு மடிக்கப் போனேன். ஒருநாள் மேஜையில் கிடந்த பெரிய கத்திரியை எடுத்து ஒரு துண்டை நறுக்கினேன். நேராகத்தான் நறுக்கினேன். மேஸ்திரி ஓடி வந்து பிடுங்கினார். "கத்திரிய வை. உன் வேலை மடிக்கிறது." லுங்கியைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு அந்த ஆளின் முகம்தான் ஞாபகம் வரும். ஊர்ப்பாசம் என்று சிலர் எழுதுவதைப் படிக்கும்போது, அவர்கள் யாரும் அந்தக் கிடங்கில் வேலை செய்யவில்லை என்று தெரிந்துகொள்வேன்.

இங்கே வந்தும் பதினோரு வருடம் வெட்டிய துண்டுகளுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு உகாதிக்கு மறுநாள் கட்டிங்கில் இரண்டு பேர் வரவில்லை, அன்றைக்குச் சரக்கு போயாக வேண்டும். இன்சார்ஜ் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் போய் மெஷினைப் பிடித்தேன். சாயங்காலம் அவர் துண்டுகளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். அடுத்த வாரம் என் பெயர் கட்டிங் பட்டியலில் இருந்தது. பத்து கட்டரில் ஒன்பது ஆண், ஒன்று நான். நாலு வருடம் அப்படி நின்றேன்.

3

வெட்டுப்பட்டது என் தப்பாலும்தான். அதை மறைக்கப் போவதில்லை.

இரும்புக் கையுறை மணிக்கட்டில் ஒரு வாரால் இறுகி நிற்க வேண்டும். என் கையுறையின் வார் அறுந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். கட்டிங் செக்‌ஷனில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது அறுந்தாலும், எது ஆடினாலும், காலடியில் கிடக்கிற துணி ஓரத்தைக் கிழித்து ஒரு கட்டுக் கட்டிவிடுவோம். ஸ்டூல் காலுக்கு அதுதான், டிபன் பைக்கு அதுதான், மின்விசிறி ஸ்விட்சுக்கும் அதுதான். நானும் மணிக்கட்டில் ஒரு துணிக்கீற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். ஆறு மாதம் அப்படியே ஓடியது.

அன்றைக்கு முடிச்சின் வால் கொஞ்சம் நீளமாகத் தொங்கியிருக்கிறது. கத்தி அதைப் பிடித்து இழுத்தது, கையுறை விலகியது, மணிக்கட்டு போனது. வலி உடனே தெரியவில்லை. வெள்ளைத் துணி சிவக்கிறதே, இந்த அடுக்கு வீணாகிவிட்டதே என்றுதான் முதலில் நினைத்தேன். புத்தி எப்படி வேலை செய்கிறது பாருங்கள்.

விபத்துக்கான காரணம் என்ற இடத்தில் கம்பெனி எழுதியது: தொழிலாளியின் கவனக்குறைவு. வாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

4

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டரம்மா மங்களூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய தமிழும் என் கன்னடமும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

"ரேணுகம்மா, கைக்குள்ள போற பெரிய நரம்பு கட் ஆகிருக்கு. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மூணுக்கும் இதுதான். கத்தி கிழிச்சதுனால நடுவுல ஸ்வல்ப இடைவெளி இருக்கு. இழுத்துத் தெச்சா நிக்காது."

இரண்டு வழி சொன்னார். ஒன்று, காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து இங்கே வைப்பது. பாதத்தின் வெளிப்பக்கம் மரத்துப்போகும், ஆனால் பழகிய முறை. இன்னொன்று, ஒரு சின்னக் குழாய். அறுந்த இரண்டு முனைகளையும் குழாயின் இரண்டு பக்கத்தில் நுழைத்துத் தைத்துவிடுவார். மேல் முனையிலிருந்து நரம்பு குழாய்க்குள் வளர்ந்து அந்தப் பக்கம் போய்ச் சேரும். அதற்குப் பிறகு குழாய் தானாகக் கரைந்துவிடும். இடைவெளி சின்னதாக இருப்பதால் எனக்கு இது பொருந்தும் என்றார். நூற்றுக்கு நூறு என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் பொம்மசந்திராவில் லேத் ஓட்டுகிறவர். அவருக்குத் தாங்கவில்லை. "கரைஞ்சு போறத எதுக்கு மேடம் உள்ள வைக்கணும்? ஸ்டீல்ல வைங்க, ஆயுசுக்கும் இருக்கும். சைஸ் சொல்லுங்க, நானே கடைஞ்சு எடுத்தாரேன்."

டாக்டரம்மா சிரிக்காமல் பதில் சொன்னார். "ஆயுசுக்கும் இருந்தா அதுதான் சார் தொந்தரவு. வளர்ந்த நரம்ப அது நெரிக்கும். வேலை முடிஞ்சா போயிடணும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் எம்பிராய்டரி செக்‌ஷன் ஒன்று இருக்கிறது. மெல்லிய துணியில் நேராகப் பூப்போட்டால் சுருங்கிவிடும். அதனால் அடியில் ஒரு கரையும் தாளை வைத்துத் தைப்பார்கள். தைத்து முடித்துத் தண்ணீரில் அலசினால் தாள் போய்விடும், பூ நிற்கும். இதை வீட்டுக்காரருக்குச் சொன்னேன். "தாள் நின்னா பூ நிக்காதுய்யா" என்றேன். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு, "இனிமே எல்லா பேஷண்டுக்கும் இதையே சொல்றேன்" என்றார். பத்து மணி நேரம் நின்று வேலை செய்கிறவளுக்குப் பாதம் எதற்கு மரத்துப்போக வேண்டும்? குழாய் போதும் என்றேன்.

சம்மதப் பத்திரம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. மகள் பவித்ரா, பியூசி முதல் வருடம், அதாவது நம் ஊர் பிளஸ் ஒன், பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னாள். கன்னடம் அவளுக்குத் தண்ணீர் மாதிரி. அதைத் தமிழாக்குவதில்தான் திணறினாள். "ஜவாப்தாரின்னா... அம்மா, அது வந்து... தப்பாப் போனா யாரைக் கேக்கணும்ல, அது." பொறுப்பு என்றேன். "ஹாங், பொறுப்பு. அது உன்னோடதுன்னு போட்டிருக்கு." வேறு யாருடையதாக இருக்கப்போகிறது?

வலது கையால் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்த குமாஸ்தா, கன்னடம் வராதா என்று கேட்டார். "பேச வரும் சார், வலிக்கிறது மட்டும் இன்னும் தமிழ்லதான்" என்று கன்னடத்திலேயே சொன்னேன். பவித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். என் கன்னடத்தைக் கேட்டால் அவளுக்கு எப்போதும் கூச்சம்.

5

நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும் என்றார் டாக்டரம்மா. தொடங்குவதற்கே சில வாரம் எடுத்துக்கொள்ளும். எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். மணிக்கட்டிலிருந்து விரல் பக்கமாக மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் சுரீர் என்று மின்சாரம் பாயும். அதுதான் நரம்பின் நுனி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பவித்ரா தட்டுவாள். சுரீர் என்றதும் கத்துவேன். அவள் பேனாவால் புள்ளி வைப்பாள், என் இஞ்ச் டேப்பால் அளந்து காலண்டரில் எழுதுவாள். கன்னடத்தில்தான் எழுதுவாள். எண்ணுக்கு எந்த மொழியானால் என்ன என்று விட்டுவிட்டேன். இரண்டு மூன்று வாரம் புள்ளி நகராமல் இருந்தால் எனக்கு எரிச்சல் வரும், அவள் மேல் விழுவேன். "சரியாத் தட்டுடி." அவளும் விட மாட்டாள். "நான் சரியாத்தான் தட்டறேன், நீ சரியா வளரு."

அந்தக் காலத்தில் அந்த மூன்று விரலும் ஏதோ கடன் வாங்கி ஒட்டிக்கொண்டது மாதிரி இருந்தது. இட்லிக் குண்டானில் சுட்டுக்கொண்டதை, கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். துணி துவைத்து முடித்துக் கையைப் பார்த்தால் வலது கை விரல்கள் எல்லாம் ஊறிச் சுருங்கிக் கிழவி கை மாதிரி இருக்கும். இடது கையின் மூன்று விரல் மட்டும் சினிமா நடிகை விரல் மாதிரி வழவழவென்று இருக்கும். டாக்டரம்மாவிடம் காட்டினேன். "நரம்பு இருந்தாத்தான் தண்ணியில தோல் சுருங்கும். நரம்பு இல்லாத விரல் சுருங்காது. பயப்படாதீங்க, ஆனா பார்த்துட்டே இருங்க" என்றார். ஐம்பது வயதை நெருங்குகிற காலத்தில் கை சுருங்கவில்லையே என்று கவலைப்பட்டேன்.

பயிற்சியும் உண்டு. ஒரு பாத்திரம் நிறைய ராகியைக் கொட்டி, அதற்குள் சட்டைப் பட்டன்களைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தேடி எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் ஒரு பட்டனும் அகப்படவில்லை. அந்த ராகியில் களி கிண்டியபோது வீட்டுக்காரர் வாயில் ஒன்று அகப்பட்டது.

6

ஐந்தாவது மாதம், கை எவ்வளவு போயிற்று என்று முடிவு செய்கிற மெடிக்கல் போர்டுக்குக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். உடம்புக்குள் வைத்த பொருள் என்ன என்று ஒரு கேள்வி. தகடு, திருகு, கம்பி என்று மூன்று கட்டம். குழாய்க்குக் கட்டம் இல்லை. அங்கே இருந்த குமாஸ்தா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேடினார்.

"எங்கேம்மா உன் ட்யூப்?"

"எக்ஸ்ரேல தெரியாது சார். அதுவும் கரைஞ்சுகிட்டு இருக்குது."

"கரைஞ்சு போனா, வெச்சதுக்கு என்ன ஆதாரம்?"

"கை" என்றேன்.

அவர் அந்த இடத்தில் "இல்லை" என்று எழுதி சீல் குத்தினார். ஆக, என் உடம்பில் ஒன்றும் வைக்கப்படவில்லை. டாக்டரம்மா கொடுத்த கடிதம் கோப்பின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

போர்டில் இரண்டு நிமிடம். ஒரு ஊசியால் மூன்று குத்து. தெரிகிறதா என்றார்கள். தெரியவில்லை என்றேன், பொய் சொல்லவா முடியும்? நிரந்தர இழப்பு என்று எழுதினார்கள்.

மறுவாரம் கம்பெனியின் ஹெச்.ஆர். கூப்பிட்டார். முப்பது வயதுக்குள் இருக்கும், மரியாதையான பையன், தமிழ் தெரிந்தவர். ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். இனிமேல் நூல் பிசிறு வெட்டுகிற வேலை, உட்கார்ந்தே செய்யலாம். நிரந்தர இழப்பை ஒப்புக்கொண்டு, கட்டிங் வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுப்பதாகக் காகிதம்.

"உங்க நல்லதுக்குத்தாங்க்கா. மேல வேற சொல்லிட்டாங்க, இனிமே கட்டிங்ல லேடீஸ் வேண்டாம்னு. உங்க கேஸை வெச்சுத்தான்."

அப்போதுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. என் கையெழுத்தை வைத்துக்கொண்டு, பின்னால் வருகிற எல்லாப் பெண்ணையும் கத்திரியைக் கீழே வை என்று சொல்லப் போகிறார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய அந்த மேஸ்திரி, ஐடி கார்டு மாட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து என் மணிக்கட்டில் வைத்து விரல் நுனி வரை இழுத்தேன். "ஏழு இஞ்ச் சார். நூத்தி எழுபத்தெட்டு மில்லிமீட்டர். ஒரு நாளைக்கு ஒண்ணு. தொடங்கவே ஒரு மாசம். இன்னிக்கு அது உள்ளங்கைல கீது, இதோ புள்ளி. காலர் வைக்கிறதுக்கு முன்னாடியே சட்டைய செக்கிங்குக்கு அனுப்பி, காலர் இல்லன்னு ரிஜெக்ட் போடுவீங்களா?"

அவர் காகிதத்தை மட்டும் திரும்பத் திரும்பத் தட்டினார். நான் கையெழுத்துப் போடவில்லை.

வீட்டில் அதற்காகச் சண்டை. வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "வம்பு பண்ணினா உள்ளதும் போய்டும். உக்காந்து செய்யற வேலைதானே, உனக்கு இன்னா நோவுது?" என்றார். மறுபடி அந்தக் கத்திக்கு முன்னால் நான் நிற்பதை நினைத்தால் அவருக்குத் தூக்கம் வருவதில்லை என்று பிறகு பவித்ரா சொன்னாள். எனக்கும் பயம்தான். ஆனால் பயம் என்னுடையது. அதை வைத்து மற்றவர்கள் சட்டம் போடக் கூடாது. மறுபரிசோதனை கேட்டு எழுதிப் போட்டேன். பவித்ராதான் கன்னடத்தில் எழுதினாள். நான் சொன்னதைவிட மரியாதையாக எழுதியிருப்பாள் என்று சந்தேகப்பட்டு, படித்துக் காட்டச் சொன்னேன். இல்லை, என்னைவிடக் காரமாகவே எழுதியிருந்தாள்.

7

ஒன்பதாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. போர்வைகளை ஊறவைத்து அரைமணி நேரமாகத் துவைத்துக்கொண்டிருந்தேன். பவித்ரா பிழிந்து போட வந்தவள், என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"அம்மா. இதைப் பாரு."

பெருவிரல் சுருங்கியிருந்தது. ஆள்காட்டி விரலும். நடுவிரலில் லேசாக இரண்டு மூன்று கோடு. வலது கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கிழவி கை, இரண்டும்தான். அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து அழுதேன். பவித்ரா என்னை அதட்டினாள். "அழுதா ஃபோட்டோல தெரியாது, கையை ஆட்டாத." படம் எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினாள். இது ஒன்றே போதுமென்று இல்லை, ஆனால் நரம்பு போய்ச் சேர்ந்திருப்பதற்கு நல்ல அடையாளம் என்று பதில் வந்தது.

ராகிக்குள் அதற்கப்புறம் பட்டன்கள் அகப்படத் தொடங்கின. ஒரு குறை மட்டும். நடுவிரலைத் தொட்டால் ஆள்காட்டி விரலைத் தொடுகிற மாதிரி இருந்தது. புதிதாக வளர்ந்த இழைகளில் சில, வீடு மாறிப் போய்விட்டனவாம். பழகப் பழக மூளை சரிசெய்துகொள்ளும் என்றார் டாக்டரம்மா.

8

பதினோராம் மாதம் மறுபரிசோதனை. ஒரு ஃபிளாஸ்கில் வெந்நீரும் ஒரு அகலமான எவர்சில்வர் பாத்திரமும் பையில் வைத்துக்கொண்டேன். பவித்ரா கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். "நீ பேசாத, நான் பேசறேன்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மூன்று டாக்டர்கள். நடுவில் பெரியவர், ஓரத்தில் ஒரு இளம் பெண் டாக்டர். பெரியவர் ஊசியை எடுத்தார். கண்ணை மூடச் சொன்னார். குத்தினார். ஆள்காட்டி விரல் என்றேன். "தப்பு" என்றார். மறுபடி குத்தினார். ஆள்காட்டி என்றேன். "தப்பு." பேனாவை எடுத்துவிட்டார். பவித்ரா கன்னடத்தில் ஏதோ தொடங்கினாள். அவர் கையமர்த்தினார்.

நான் என் கன்னடத்திலேயே பேசினேன். அது எப்படி இருந்திருக்கும் என்று தெரியாது, அர்த்தம் இதுதான்: "குத்தினது தெரிஞ்சுது சார். எந்த விரல்னுதான் மாறிப் போச்சு. பெங்களூருக்கு வந்த புதுசுல நானும் தப்பான பஸ்ல ஏறி ஏறி இறங்கினேன். நான் ஊருக்கே வரலன்னு யாரும் எழுதல. எனக்கு அரைமணி நேரம் குடுங்க. உங்க நேரம் வேண்டாம், என் நேரம். நீங்க அடுத்த ஆளைப் பாருங்க."

சொல்லிவிட்டு அறையின் மூலையில் தரையில் உட்கார்ந்து, பாத்திரத்தை வைத்து வெந்நீரை ஊற்றி, தண்ணீர் கலந்து, இரண்டு கையையும் விட்டேன். வாசலில் இருந்த அட்டெண்டர் ஓடி வந்தார். "ஏனம்மா இது, அடிகே மனேயா?" சமையலறையா என்று கேட்கிறார். "இல்லைங்க, பரீட்சை ஹால்" என்றேன். கையைப் பிடித்து எழுப்பப் போனவரைப் பவித்ரா நடுவில் நின்று தடுத்தாள். என் கன்னடத்துக்குக் கூசுகிற பெண், அன்றைக்கு அந்த ஈரத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாவாடை நனைவதைப் பார்க்கவில்லை. இளம் டாக்டர் பெரியவரின் காதில் ஏதோ சொன்னார். பெரியவர், "இருக்கட்டும்" என்று தலையசைத்தார்.

ஆறு பேர் வந்து போனார்கள். கால் ஒடிந்தவர், கண் போனவர் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒருவர், "சாமிக்கு வேண்டுதலாம்மா?" என்று தமிழில் கேட்டார். சிரிப்பு வந்தது. சுருங்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற நடுக்கமும் கூடவே இருந்தது.

இளம் டாக்டர்தான் எழுந்து வந்தார். "கை தெகீரி" என்றார், கையை வெளியே எடுக்கச் சொல்லி. எடுத்தேன். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன். அவர் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பெரியவரிடம் அழைத்துப் போனார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு கோப்பின் அடியிலிருந்து டாக்டரம்மாவின் கடிதத்தை எடுத்து, எனக்குத் தெரிந்து முதல் முறையாக, படித்தார்.

"ட்யூப் எங்கேம்மா?"

"வேலை முடிஞ்சுது, போயிடுச்சு சார்."

நிரந்தரம் என்ற சொல்லை அடித்தார். தேறிவருகிறது, பழைய வேலையையே செய்து பார்க்கலாம் என்று எழுதினார். பவித்ரா அதை இரண்டு தடவை எனக்குப் படித்துச் சொன்னாள். பஸ்ஸில் வரும்போது, "அம்மா, 'என் நேரம்'னு சொன்னல்ல, அது கிராமர் தப்பு. ஆனா நல்லா இருந்துச்சு" என்றாள்.

9

போன திங்கட்கிழமை கட்டிங் டேபிளுக்குத் திரும்பப் போனேன். என் பழைய மெஷின், பழைய இடம். ஒன்பது பேரும் மெஷினை நிறுத்திவிட்டு வந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இன்சார்ஜ் என் கையுறையை எடுத்துவந்து கொடுத்தார்.

வார் இல்லை. அறுந்தது அறுந்தபடியே இருந்தது. யாரோ நல்ல மனசோடு ஒரு புதுத் துணிக்கீற்றைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, தயாராக வைத்திருந்தார்கள்.

மற்றவர்கள் கையைப் பார்த்தேன். அதில் நாலு கையுறையில் துணிக்கீற்று. முடிச்சை அவிழ்த்தேன். இடது கை விரலாலேயே அவிழ்த்தேன், கொஞ்சம் நேரம் பிடித்தது. கீற்றை மேஜையில் வைத்து, அதன் மேல் கையுறையை வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"என்னாச்சு ரேணுகம்மா?" என்றார் இன்சார்ஜ்.

"வார் வரட்டும் சார்."

"இன்னிக்கு மட்டும் கட்டிக்க. நாளைக்கு வாங்கிடலாம். டார்கெட் இருக்கு."

"நாளைக்கே வெட்டறேன் சார்."

அவர் ஹெச்.ஆரைக் கூப்பிட்டார். அந்தப் பையன் வந்து, வந்த முதல் நாளே இப்படியா அக்கா என்றார். கவனக்குறைவு என்று எழுதியவர்கள் நீங்கள்தானே, இப்போது கவனமாக இருக்கிறேன் என்றேன். பக்கத்து மெஷின் முனிராஜு தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு மெஷினை நிறுத்தினார், முடிச்சை அவிழ்த்து மேஜையில் போட்டார். அதற்கப்புறம் இன்னும் மூன்று பேர். யாரும் கோஷம் போடவில்லை. ஐந்து மெஷின் சும்மா நின்றது, அவ்வளவுதான்.

உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் காத்திருந்தவளுக்கு இது ஒரு காத்திருப்பா?

பதினொன்றே காலுக்கு ஒரு பை நிறையப் புது வார் வந்தது. பத்துக் கையுறைக்கும்.